படத்தில் வந்த இடத்தைக் கூட்டத்திடமிருந்து காப்பது எப்படி

ஒரு திரைப்படமோ தொடரோ பாடல் காட்சியோ உங்கள் பகுதியில் எடுக்கப்பட்டிருந்தால், கூட்டம் வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இருந்துவிடாதீர்கள். வெளியீட்டுத் தேதி தெரிந்த அன்றே உட்கார்ந்து திட்டம் போடுங்கள். கூட்டம் வந்த பிறகு எடுக்கிற முடிவுகள் கயிறு கட்டுவதில் தொடங்கி, அபராதத்தில் வளர்ந்து, பல இடங்களில் இழுத்து மூடுவதில்தான் போய் நிற்கின்றன. முன்கூட்டியே எடுக்கிற முடிவுகளுக்குச் செலவும் குறைவு, மனக்கசப்பும் குறைவு.

பார்வையாளர் மேலாண்மை என் தொழில். எத்தனை பேரை உள்ளே விடலாம், பாதை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், கழிவறை எங்கே இருக்க வேண்டும் என்று உள்ளாட்சி அமைப்புகளுக்கும் இயற்கைக் காப்பகங்களுக்கும் பழைய நினைவுச் சின்னங்களின் பொறுப்பாளர்களுக்கும் திட்டம் வகுத்துக் கொடுக்கிறவள். கோயில், அருவி, கோட்டை என்று வழக்கமான சுற்றுலா இடங்களிலும் வேலை செய்திருக்கிறேன். திரையால் புகழ்பெற்ற இடத்தின் சிக்கல் தனி வகை. ஒரு கோட்டைக்கு வருகிறவர் கோட்டை முழுவதையும் சுற்றுவார். திரையில் பார்த்துவிட்டு வருகிறவருக்கோ ஒரே ஒரு காட்சி போதும். அந்தப் படிக்கட்டு, அந்த மரம், அந்த வளைவு. அங்கே நின்று, அதே கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஊரே காலியாகக் கிடக்கும்போது இருபதடி இடத்தில் நூறு பேர் நிற்பார்கள். ஆகவே நீங்கள் மேலாண்மை செய்ய வேண்டியது அந்த இருபதடியை. மொத்தச் சுற்றுலாவைப் பற்றிப் பெரிய அறிக்கை எழுதுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை: படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்

ஊர்க்காரர்கள், கடைக்காரர்கள், காவல் துறையினர், இடத்தின் பொறுப்பாளர் எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வையுங்கள். உங்கள் இடம் வரும் காட்சியை ஓடவிட்டு, ஒவ்வொரு கோணம் மாறும்போதும் நிறுத்துங்கள். நான் எந்தத் திட்டத்தையும் இப்படித்தான் தொடங்குகிறேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். கேமரா எங்கே நின்றது? நடிப்பவர் என்ன செய்கிறார்? எந்த நேரத்து வெளிச்சம், எந்தப் பருவம்? சட்டகத்துக்கு வெளியே என்ன இருக்கிறது?

முதல் கேள்விதான் மிக முக்கியம். கூட்டம் நிற்கப்போவது நடிகர் நின்ற இடத்தில் மட்டும் அல்ல. கேமரா நின்ற இடத்திலும்தான். ஜப்பானின் கமகுராவில் கடலோரத்தில் ஒரு சின்ன ரயில்வே கடவுப்பாதை இருக்கிறது. 1990-களில் வந்த கூடைப்பந்து அனிமேஷன் தொடர் ஒன்றின் தொடக்கக் காட்சியில் இடம்பெற்றது. இன்றும் உலகெங்கிலுமிருந்து ரசிகர்கள் வருகிறார்கள். ரயிலும் கடலும் ஒரே படத்தில் விழ வேண்டுமானால் சாலை ஓரத்திலோ சாலை நடுவிலோதான் நிற்க வேண்டும். ஆபத்து ரயிலை விடச் சாலையில்தான் அதிகம். படத்தை நிறுத்திப் பார்த்திருந்தால் இதை முதல் நாளே கண்டுபிடித்திருக்கலாம்.

கேமரா கிரேன்மீதோ டிரோனிலோ இருந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. மனிதக் கால்கள் நிற்க முடியாத உயரத்திலிருந்து எடுத்த காட்சியை மக்கள் எப்படியாவது எடுக்கப் பார்ப்பார்கள். சுவர்மேல் ஏறுவார்கள், பாறை விளிம்புக்குப் போவார்கள், பக்கத்து வீட்டு மொட்டைமாடியைக் கேட்பார்கள். அதற்கு ஈடான, பாதுகாப்பான ஓர் உயரத்தை நீங்களே தேடிக் கொடுத்துவிடுங்கள். அசல் கோணத்துக்கு அருகில் இருந்தாலே போதும். பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் கேள்வி செய்கை பற்றியது. ரசிகர் காட்சியைப் பார்க்க மட்டும் வருவதில்லை, நடித்துப் பார்க்கவும் வருகிறார். அமெரிக்காவின் அல்புகெர்க்கி நகரில் ஒரு குடும்பம் குடியிருக்கும் வீடு, புகழ்பெற்ற குற்றத் தொடர் ஒன்றில் வந்தது. கதாநாயகன் கோபத்தில் பீட்சாவைக் கூரைமேல் வீசும் காட்சி. அதன் பிறகு முன்பின் தெரியாதவர்கள் அந்த வீட்டுக் கூரைமேல் உண்மையாகவே பீட்சா வீசினார்கள். தொடரை உருவாக்கியவரே வெளிப்படையாக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் குடும்பம் 2017-இல் வீட்டைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டது. உங்கள் காட்சியில் யாராவது குதிக்கிறார்களா, கத்துகிறார்களா, பூட்டு மாட்டுகிறார்களா, சுவரில் எழுதுகிறார்களா, பூப் பறிக்கிறார்களா? அத்தனையும் நடக்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள். தீங்கற்ற செய்கைக்கு இடம் ஒதுக்குங்கள். தீங்கான செய்கைக்கு மாற்று ஒன்றைக் கண்டுபிடியுங்கள்.

வெளிச்சம் பற்றிய கேள்வி உங்கள் நெரிசல் நேரத்தைச் சொல்லிவிடும். காட்சி மாலை ஐந்து மணி வெயிலில் எடுக்கப்பட்டிருந்தால், காலையில் காலியாக இருக்கும் இடம் மாலையில் திணறும். சட்டகத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதையோ பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பள்ளிக்கூட வாசல், கல்லறை, பறவைகள் கூடு கட்டும் பாறை, ஒருவருடைய படுக்கையறை ஜன்னல். கேமரா இவற்றைக் காட்டவில்லை என்பதால் வருகிறவருக்கு இவை இருப்பதே தெரியாது.

எத்தனை பேர்? மிகச் சிறிய எண்தான் விடை

கொள்ளளவைக் கணக்கிடும்போது நிலப்பரப்பை ஆள் எண்ணிக்கையால் வகுக்கும் வேலையை விட்டுவிடுங்கள். மொத்தப் பரப்பு பெரிதாக இருப்பது உங்களுக்கு உதவாது. எங்கே அடைக்கிறது என்று பாருங்கள்.

ஒரு விடுமுறை நாளில் கடிகாரத்தோடு அந்தப் படமெடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். ஒரு குழு தன் முறை வந்ததும் நின்று, ஆள் மாற்றி ஆள் படம் எடுத்து, திரையில் சரிபார்த்து, ‘இன்னொன்று’ என்று சொல்லி மறுபடி எடுத்து, விலகிப் போக எவ்வளவு நேரம் ஆகிறது? சராசரி 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 குழுக்கள். குழுவுக்கு 3 பேர் என்றால் மணிக்கு 60 பேர். நல்ல வெளிச்சம் இருக்கும் 7 மணி நேரத்தில் 420 பேர். இனி 50 பேர் கொண்ட 3 சுற்றுலாப் பேருந்துகள் ஒரே நேரத்தில் வந்து நிற்பதாக எண்ணிப் பாருங்கள். கடைசி ஆள் முறை வருவதற்கு இரண்டரை மணி நேரம் ஆகும். யாரும் அவ்வளவு நேரம் நிற்க மாட்டார்கள். வேலி தாண்டுவார்கள், பக்கவாட்டில் புல்மேல் ஏறி நின்று எடுப்பார்கள். உங்கள் இடம் கெடுவது அந்த நொடியில்தான். மொத்த வருகை நாளுக்கு 420-க்குள் இருந்தாலும், வருகிற விதம் தவறாக இருந்தால் சேதம் நடந்தே தீரும்.

இதே கணக்கை வாகன நிறுத்தத்துக்கும் போடுங்கள். 40 கார்கள், காருக்கு 3 பேர், 2 மணி நேரத் தங்கல் என்றால் மணிக்கு 60 பேர். கழிவறைக்கும் போடுங்கள், குறுகிய பாலத்துக்கும் படகுத்துறைக்கும் போடுங்கள். வருகிற எண்களில் எது சிறியதோ அதுவே உங்கள் கொள்ளளவு. அதை உயர்த்த வேண்டுமானால் அந்த ஒரு முடிச்சை மட்டும் அவிழ்க்கப் பாருங்கள். கழிவறை அடைக்கிற இடத்தில் வாகன நிறுத்தத்தை விரிவாக்கினால் வரிசை நீளும், வேறு ஒன்றும் நடக்காது.

இந்த முறைக்கு நான் அடிக்கடி காட்டும் எடுத்துக்காட்டு அயர்லாந்தின் ஸ்கெல்லிக் மைக்கேல். கரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக் கடலில் நிற்கும் பாறைத் தீவு. உச்சியில் பழைய துறவி மடம். 1996-இலிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். 2015-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வந்ததும் உலகமே அங்கே போக விரும்பியது. அங்கே 15 படகுகளுக்குத்தான் உரிமம். படகுக்கு 12 பயணிகள். ஆக, நாளொன்றுக்கு 180 பேர். அதுவும் மே நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரையில் மட்டும், கடல் இடம் கொடுத்தால். வாசலில் நின்று யாரையும் திருப்பி அனுப்பும் சண்டையே இல்லை. கட்டுப்பாடு கரையிலேயே முடிந்துவிடுகிறது. கைப்பிடி இல்லாத 618 கல்படிகளில் ஏறுகிற மனிதர்களுக்கும், வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும் பஃபின் பறவைகளுக்கும் அந்த எண்தான் பாதுகாப்பு. புகழ் பல மடங்கு ஏறியபோதும் அந்தப் பொறுப்பாளர்கள் எண்ணைப் பல மடங்கு ஏற்றவில்லை. அதற்காக அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் குடியிருப்போர் 800 பேருக்கும் குறைவு. கொரியத் தொடர் ஒன்றில் வந்ததும், ஓர் அனிமேஷன் படத்துக்கு இந்த ஊர்தான் தூண்டுதல் என்ற பேச்சும் சேர்ந்து, உச்ச நாட்களில் 10,000 பேர் வரை வரத் தொடங்கினார்கள். அவர்கள் பிடித்த முடிச்சு பேருந்து. 2020-இலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் நேரம் முன்பதிவு செய்துகொண்டுதான் வர முடியும். வந்த குழு குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தங்கியாக வேண்டும். அந்தக் குறைந்தபட்சத் தங்கல் நல்ல யோசனை. அரைமணி நேரத்தில் இறங்கிப் படமெடுத்து ஏறுகிற குழுவால் ஊருக்கு வருவாய் ஏதும் இல்லை, நெரிசல் மட்டும் மிச்சம்.

ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையில் உள்ள கஸ்டெலுகாச்சே தீவுக்கு 241 படிகள் ஏற வேண்டும். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் வந்த பிறகு அங்கே முன்பதிவு டிக்கெட் கொண்டுவந்தார்கள். டிக்கெட் இலவசம். கூட்டத்தைக் குறைக்க விலைதான் வழி என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். விலை ஏழையை விலக்கும். முன்பதிவு எல்லோரையும் நேரம் பிரித்து அனுப்பும்.

மழை பெய்த மறுநாள் பாதையைப் பாருங்கள்

இயற்கை இடமாக இருந்தால் உங்கள் மிகப் பெரிய எதிரி குப்பை அல்ல, காலடி. குப்பையைப் பொறுக்கிவிடலாம்.

மழை பெய்த மறுநாள் காலையில், முதல் பார்வையாளர்கள் வருமுன் பாதையில் போய் உட்காருங்கள். நடுவில் ஒரு சிறு பள்ளம், அதில் தண்ணீர். முதலில் வருகிறவர் காலணி நனையாமல் இருக்க இடது காலைப் புல்மேல் வைத்துத் தாண்டுகிறார். அடுத்தவரும் அதே இடத்தில். பகல் முடிவதற்குள் புல் படுத்துவிடுகிறது. சில நாட்களில் பழுப்பாகிறது, பிறகு வேர் தெரிகிறது, பிறகு வெறும் மண். அடுத்த மழையில் அந்த மண்ணே சேறாகிறது. இப்போது வருகிறவர் அந்தச் சேற்றையும் தாண்ட இன்னும் ஓரடி வெளியே கால் வைக்கிறார். ஒரு மீட்டர் அகலப் பாதை ஒரே பருவத்தில் நான்கு மீட்டராக விரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் விதி மீறவில்லை. ஒவ்வொருவரும் ஒரு பள்ளத்தைச் சுற்றி நடந்தார்கள், அவ்வளவுதான்.

இதற்குத் தீர்வாக வேலி போடுவார்கள். வேலியைத் தாண்டி நடப்பார்கள், ஏனென்றால் பள்ளம் அங்கேயே இருக்கிறது. பள்ளத்தைத் திருத்துங்கள். பாதையின் நடுப்பகுதி சற்று மேடாக இருந்து தண்ணீர் இரு பக்கமும் வடிய வேண்டும். சரிவான இடத்தில் பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கல்வரிசை பதித்தால் நீர் ஓடிப் பள்ளம் பறிக்காது. மண் நெகிழும் இடத்தில் சரளை போடுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் மரப்பலகைப் பாதை. ஓரத்தில் நடப்பதைச் சிரமமாக்குங்கள்: கரடான கற்கள், விழுந்த கிளைகள், அந்த மண்ணுக்கே உரிய முட்செடி. நடுவில் நடப்பது சுகமாக இருந்தால் மக்கள் நடுவில் நடப்பார்கள். அதன் பிறகு முழங்கால் உயரக் கயிறு ஒன்றே போதும்.

ஐஸ்லாந்தில் ஃபியாத்ரார்க்லியூஃபுர் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. 100 மீட்டர் ஆழம், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளம். 2015-இல் புகழ்பெற்ற பாடகர் ஒருவரின் இசைக் காணொளியில் அவர் அந்த விளிம்புகளில் நின்றும் நடந்தும் வந்தார். கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அதன் பிறகு வந்தவர்கள் பாதையை விட்டு விலகிப் பாசிமேல் நடந்தார்கள். ஐஸ்லாந்துப் பாசி குளிர் நாட்டுச் செடி. மிதிபட்டால் மீண்டு வளரப் பல்லாண்டுகள் ஆகும். பனி உருகும் காலத்தில் மண் நீரில் ஊறிக் கிடக்கும்போது சேதம் உச்சத்துக்குப் போனது. 2019-இல் மாதக்கணக்கில் மூடினார்கள். பனி உருகும் வாரங்களில் மட்டும் ஆண்டுதோறும் மூடுவது என்று தொடக்கத்திலேயே முடிவாகியிருந்தால் அவ்வளவு நீண்ட அடைப்பு தேவைப்பட்டிருக்காது என்பது என் கருத்து. உங்கள் இடத்தின் மண், எந்த மாதத்தில் மிக மென்மையாக இருக்கிறது என்று அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். அந்த மாதத்தை நாட்காட்டியில் அடைத்துவிடுங்கள்.

மரங்களுக்கும் இதே கதைதான், ஆனால் மெதுவாக நடப்பதால் யாரும் கவனிப்பதில்லை. வட அயர்லாந்தில் டார்க் ஹெட்ஜஸ் என்ற பீச் மரச் சாலை, 18-ஆம் நூற்றாண்டில் நட்டது, ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் வந்தது. பீச் மரத்தின் வேர்கள் ஆழமாகப் போகாமல் மேற்பரப்பை ஒட்டிப் பரவுகின்றன. சாலையோரம் கார் ஏற்றி நிறுத்த நிறுத்த மண் இறுகி, காற்றும் நீரும் வேருக்கு எட்டாமல் போகும். 2017 அக்டோபரில் அந்தச் சாலையில் வாகனங்களுக்குத் தடை வந்தது. மரம் உங்கள் காட்சியின் நாயகன் என்றால், வண்டியை மரத்தடிக்கு வரவே விடாதீர்கள். முதல் நாளிலிருந்தே.

அங்கே குடியிருப்பவர்கள்

கூட்டம் வரும்போது ஊர் இரண்டாகப் பிரியும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள நினைப்பவர்கள் ஒரு பக்கம். தன் வீட்டு வாசலில் நிம்மதியாக உட்கார முடியாதவர்கள் மறுபக்கம். இருவரும் சொல்வது நியாயம்தான். ஆனால் வருவாய் பெறுகிறவர்களின் குரல்தான் ஊர்க் கூட்டங்களில் ஓங்கி ஒலிக்கும், ஏனென்றால் அவர்களுக்கு நேரம் ஒதுக்கக் காரணம் இருக்கிறது. ஆகவே ஊர்க் கூட்டத்தின் மூலமாக மட்டும் கருத்துக் கேட்காதீர்கள். படமெடுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய், ‘எந்த நேரம் உங்களுக்கு அமைதி வேண்டும்?’ என்று கேளுங்கள். கிடைக்கும் பதில் பெரும்பாலும் எளிமையானது: குழந்தை தூங்கும் நேரம், வேலையிலிருந்து திரும்பும் நேரம், வாரத்தில் ஒரு முழு நாள்.

தென் கொரியாவின் சியோல் நகரில் உள்ள புக்சோன், ஹனோக் எனப்படும் மரபுவழிக் கொரிய வீடுகள் நிறைந்த குடியிருப்பு. கொரியத் தொடர்களால் உலகப் புகழ் பெற்றது. 2024 நவம்பரில் நெரிசல் மிகுந்த பகுதியில் காலை 10 முதல் மாலை 5 வரை மட்டும் சுற்றுலாப் பயணிகள் வரலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். சில மாதம் பழக்கப்படுத்திய பிறகு 2025 மார்ச்சிலிருந்துதான் மீறினால் 1,00,000 வோன் அபராதம். நேரக் கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடித்த கருவி. எந்தச் சுவரும் எழுப்பாமல் ஊரை ஊர்க்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. விதியை முதலில் பழக்கிவிட்டுப் பிறகு தண்டிக்கிற அந்த வரிசையையும் பின்பற்றுங்கள்.

சுவர் எழுப்பியவர்களின் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். ஹால்ஸ்டாட்டில் 2023 மே மாதம் எல்லோரும் படமெடுக்கும் இடத்தில் மரத் தடுப்பு வைத்தார்கள். கண்டனம் எழுந்ததும் எடுத்துவிட்டார்கள். ஆனால் குறை தீரவில்லை. அதே ஆகஸ்டில் ஊர்க்காரர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஜப்பானில் ஃபூஜி மலை ஒரு கடைக்கு மேலே எழுந்து நிற்பதுபோல் தெரியும் ஓரிடம், சமூக வலைதளப் படங்களால் புகழ்பெற்றது. 2024 மே மாதம் 2.5 மீட்டர் உயரத்துக்கு 20 மீட்டர் நீளக் கறுப்பு வலையைக் கட்டினார்கள். சில நாட்களிலேயே வலையில் ஓட்டைகள் விழுந்தன. புயல் எச்சரிக்கையால் ஆகஸ்டில் கழற்றினார்கள். காட்சியை மறைப்பது உயிருக்கு ஆபத்து இருக்கும் இடத்தில் அவசரத்துக்கு உதவும். அதை நிரந்தரத் திட்டமாக யாரும் எனக்குச் சொல்ல வந்தால் நான் ஏற்பதில்லை.

கட்டணம் வாங்கலாமா? வாங்கலாம், எதற்கு என்று தெளிவாக இருந்தால். சுவிட்சர்லாந்தின் இசெல்ட்வால்ட் ஏரிக்கரைக் கிராமம். 400 பேர் அளவில்தான் மக்கள். கொரியக் காதல் தொடரில் அங்குள்ள சிறு மரத்துறையில் கதாநாயகன் பியானோ வாசித்தான். கூட்டம் பொங்கியது. 2023-இல் துறைக்குச் சுழல் கதவு வைத்து 5 பிராங்க் வாங்கத் தொடங்கினார்கள். ஏரிக்கரை எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அந்தத் துறையில் ஏறுவதற்குத்தான் கட்டணம். சிறு கிராமம் குப்பையும் கழிவறையும் பராமரிக்கப் பணத்துக்கு எங்கே போகும்? வசூலாகும் தொகை எங்கே போகிறது என்று வாசலிலேயே எழுதி வையுங்கள். அது பொது நிதியில் கரைந்துபோனால், அடுத்த ஆண்டு கழிவறை அடைத்துக்கொண்டு கிடக்கும்போது ஊரும் உங்களை நம்பாது, வருகிறவரும் நம்ப மாட்டார்.

பலகையில் என்ன எழுதுவது

அமெரிக்காவின் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவில், கல்லாக மாறிய மரத்துண்டுகளைப் பார்வையாளர்கள் எடுத்துப் போவது வழக்கம். உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் உடன் பணியாற்றியவர்களும் இரண்டு விதப் பலகைகளை வைத்துப் பார்த்தார்கள். ‘பலர் எடுத்துப் போனதால் காடு மாறிவிட்டது’ என்ற பொருளில் எழுதிய பலகை இருந்தபோது ஏறத்தாழ 8 விழுக்காடு துண்டுகள் களவு போயின. ‘தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்று நேராகச் சொன்ன பலகையின்கீழ் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. எல்லோரும் செய்கிறார்கள் என்று எழுதினால், செய்யலாம் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். எனவே ‘எல்லோரும் இங்கே குப்பை போடுகிறார்கள்’ என்று புலம்பாதீர்கள். செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி, காரணத்தை ஒரு வரியில் கொடுங்கள்: ‘பாதையில் நடங்கள். இந்தப் பாசி மீண்டு வளரப் பல்லாண்டுகள் ஆகும்.’

பலகையை விடச் சக்தி வாய்ந்தது கைபேசி வரைபடம். அதில் உங்கள் இடத்தின் குறி எங்கே விழுந்திருக்கிறது என்று இன்றே பாருங்கள். யாரோ ஒரு ரசிகர் ஒருவருடைய வீட்டு வாசலிலோ பாறை விளிம்பிலோ குறி வைத்திருப்பார். திருத்தம் கோரி அதை வாகன நிறுத்தத்துக்கோ நுழைவாயிலுக்கோ மாற்றுங்கள். செலவே இல்லாத வேலை; ஆயிரக்கணக்கான கால்களைத் திருப்பிவிடும்.

கூட்டத்தைப் பரப்புவது

‘பக்கத்திலும் அழகான இடங்கள் இருக்கின்றன’ என்று சொன்னால் ரசிகர் போக மாட்டார். கதையில் வராத இடம் அவருக்கு இடமே இல்லை. கதையை அங்கே கொண்டுபோக வேண்டும். 2016 ஜனவரிப் புயலில் டார்க் ஹெட்ஜஸில் மரங்கள் விழுந்தன. அந்த மரத்தில் 10 கதவுகள் செய்து, ஒவ்வொன்றிலும் தொடரின் ஒரு கட்டத்தைச் செதுக்கி, வட அயர்லாந்து முழுவதும் 10 விடுதிகளில் பொருத்தினார்கள். ஒரே சாலையில் நெருக்கியடித்த ரசிகர்களுக்குப் பத்து ஊர்களைச் சுற்றிவரக் காரணம் கிடைத்தது.

ஜப்பானின் ஓஅராய் நகரம் 2011 சுனாமியில் அடிபட்டது. அடுத்த ஆண்டு வந்த அனிமேஷன் தொடர் ஒன்று அந்த ஊரில் நடப்பதாக இருந்தது. கடைவீதியில் கடைக்கொரு கதாபாத்திரம் என்று உருவப் பலகைகளைப் பிரித்து வைத்தார்கள். ரசிகர் தனக்குப் பிடித்தவரைத் தேடி வீதி முழுவதும் நடக்க வேண்டும். கடைக்காரரோடு பேச வேண்டும். இப்படி வந்தவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள், பெயர் சொல்லிப் பழகுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. கூட்டத்தை அனுப்பும் இடம் அதைக் கேட்டிருக்க வேண்டும், தாங்கவும் வேண்டும். கேட்காத ஊருக்குத் தள்ளிவிடுவது மேலாண்மை ஆகாது. யாரும் குடியிருக்காத இடத்தில் தனியாக ஒரு படப்பிடிப்பு அரங்கம் நிற்குமானால் இன்னும் நல்லது. நியூசிலாந்தின் மாட்டமாட்டா அருகில், ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களுக்காக அமைத்த ஹாபிட்டன் அரங்கம் ஒரு பண்ணை நிலத்தில் இருக்கிறது. பேருந்தில் ஏற்றிப் போய், வழிகாட்டியோடு குழுவாக மட்டுமே சுற்றிக்காட்டுகிறார்கள். அங்கே யாருடைய தூக்கமும் கெடுவதில்லை.

படப்பிடிப்பு அனுமதியிலேயே எழுதிவிடுங்கள்

தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் 1999-இல் ஹாலிவுட் படப்பிடிப்புக்காக மணல்மேட்டைச் சமன் செய்து தென்னைகளை நட்டார்கள். அதன்மேல் தொடுத்த வழக்கு 2022 வரை இழுத்தது. படம் 2000-இல் வெளிவந்தது. பின்னர் நாளொன்றுக்கு 5000 பேர் வரை இறங்கினார்கள். பவளப்பாறைகள் நங்கூரங்களால் நொறுங்கின. 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் வருவதில்லை, தீவின் பின்பக்கத்து மிதவைத்துறையில் இறக்கிவிடுகின்றன. ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடுகிறார்கள். மூடிய காலத்தில் கருமுனைச் சுறாக்கள் கரையோரம் திரும்பி வந்தன. தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டியதைத்தான் இன்று செய்கிறார்கள்.

படக்குழு அனுமதி கேட்டு வரும் நாளில்தான் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. அப்போதே ஒப்பந்தத்தில் சேருங்கள். நிலத்தை எப்படி வாங்கினார்களோ அப்படியே திருப்பித் தருவதற்கான வைப்புத்தொகை. வெளியீட்டுக்குச் சில மாதங்கள் முன்னதாக உங்கள் காட்சிகளைக் காட்டுவதற்கான உறுதி. விளம்பரத்தில் இடத்தின் பெயரைச் சொன்னால், அதோடு முன்பதிவு விவரத்தையும் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை. பராமரிப்பு நிதிக்கு ஒரு தொகை. குடியிருப்பு வீடாக இருந்தால், முகப்பையோ கதவெண்ணையோ அடையாளம் தெரியாமல் மாற்ற வேண்டும் என்ற ஒரு வரி. வெளியான பிறகு கேட்டால் யாரும் தொலைபேசியைக்கூட எடுக்க மாட்டார்கள்.

கூட்டம் குறையும் நாளுக்காகவும் கட்டுங்கள்

திரைப் புகழ் ஏறும், இறங்கும், அடுத்த பாகம் வந்தால் மறுபடி ஏறும். உச்ச நாளைப் பார்த்துக் கான்கிரீட் ஊற்றாதீர்கள். கழற்றி எடுக்கக்கூடிய பலகைப் பாதை, வாடகைக் கழிவறை, பருவத்துக்கு மட்டும் வேலை செய்யும் காவலர்கள் போதும். வீடுகள் ஒவ்வொன்றாக வாடகை விடுதிகளாக மாறுவதை உள்ளாட்சி விதியால் கட்டுப்படுத்துங்கள். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் வந்த குரோஷியாவின் டுப்ரோவ்னிக் பழைய நகரில் 1991-இல் சுமார் 5000 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் இன்று அங்கே இல்லை. அங்கே 2019-இலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு சுற்றுலாக் கப்பல்களுக்கு மேல் வருவதில்லை என்ற ஏற்பாடு இருக்கிறது. வாயில்களில் கேமரா வைத்து ஆட்களை எண்ணவும் செய்கிறார்கள். நல்ல ஏற்பாடுகள்தான், ஆனால் போனவர்கள் திரும்பி வர அவை போதவில்லை.

எல்லைகளை முன்கூட்டியே எழுதி வைக்கும் முறையை அமெரிக்க வனத்துறை 1985-இல் வகுத்தது. எவ்வளவு மாற்றம் வரை பொறுப்போம் என்று அளவு குறித்து, அது தாண்டினால் என்ன செய்வோம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ‘பாதை 2 மீட்டரைத் தாண்டினால் சரிசெய்யும் வரை அந்தப் பக்கம் மூடப்படும்.’ ‘வரிசை 60 பேரைத் தாண்டினால் அடுத்த பேருந்து நுழைவாயிலில் காத்திருக்கும்.’ நெரிசல் நாளில் இதைப் பேசி முடிவெடுக்க முடியாது; கூட்டம் ஓய்ந்த பருவத்தில் எல்லோரும் கையெழுத்திட்ட தாளில் இருக்க வேண்டும்.

அளப்பதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். நான்கைந்து இடங்களில் தரையில் முளைக்குச்சி அடித்து, ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே உயரத்தில், அதே திசையில் ஒரு படம் எடுங்கள். அடியில் அளவுகோல் ஒன்றைக் கிடத்திவிட்டு எடுத்தால் பாதையின் அகலமும் தெரியும். தேதியிட்டு அலுவலகத்தில் வையுங்கள். அடுத்த படக்குழு அனுமதிக் கடிதத்தோடு வந்து உட்காரும்போது, பேச்சைத் தொடங்குமுன் அந்தப் படங்களை மேசையில் பரப்புங்கள்.